ஒட்டாமல் விட்ட ஓட்டை

"ஆணி குத்தின ஓட்டையை மட்டும் ஒட்டு அண்ணா. இன்னொண்ணை விட்டுடு."

தண்ணீர்த் தொட்டிக்குள் ட்யூபை அமுக்கிப் பிடித்திருந்த சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறார். ஓட்டையை விட்டுவிடச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

"விளையாடுறியா? ஒண்ணை ஒட்டிட்டு இன்னொண்ணை விடுறதுக்கு எதுக்குக் கடை?"

"நேரமில்ல. நாலு மணிக்குப் போட்டி."

தெருக்கோடியில் இருக்கும் தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை. வருஷா வருஷம் அங்கே பெண்களுக்குச் சைக்கிள் போட்டி நடக்கும். ஐந்து வருஷமாகக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போவது அவளுடைய நாத்தனார். ஒரே கம்பெனி, ஒரே வீடு வேறு. கூடத்து அலமாரியில் ஐந்து கோப்பைகளும் வரிசையாக நிற்கும். தங்கை அந்தப் பக்கம் வரும்போதுதான் நாத்தனாருக்கு அவற்றைத் துடைக்கத் தோன்றும். வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், "ஜெயிச்சவங்க பேசட்டும்" என்று ஒரு குத்தல்.

அண்ணன் போட்டியைப் பார்க்க ஒரு தடவைகூடப் போனதில்லை. கடையை யார் பார்ப்பது? ஆனாலும் தங்கை தோற்றால் அவமானம் அவருக்குத்தான். அவள் சைக்கிளை அவர் வைத்திருக்கும் பக்குவம் அப்படி. ஒரு மிதி மிதித்தால் தெருமுனை வரை தானே போகும். நாத்தனாருடையதோ எண்ணெயைப் பார்த்தே பல வருஷமான துருப்பிடித்த வண்டி. வருவதற்கு முன்னாலேயே கீச் கீச்சென்று சத்தம் வரும். அந்த ஓட்டை வண்டியிடம் தோற்கிறாளே என்று அவருக்கு ஆற்றாமை. தோற்ற மறுநாள் தங்கை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "ஒண்ணும் சொல்லாதே" என்று எண்ணெய் டப்பாவைத் தூக்கிவிடுவார்.

இரண்டாவது ஓட்டையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். ட்யூபைத் துடைத்து, டயரோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ஆணி ஓட்டைக்கு நேராக டயரிலும் ஓட்டை இருந்தது. இரண்டாவதற்கு நேராக ஒன்றுமே இல்லை. டயரின் உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டினார். முள் இல்லை, கம்பி இல்லை.

"இது ரோட்டுல ஆனது இல்ல. டயரைக் கழட்டி யாரோ ஊசியால குத்தியிருக்காங்க."

தங்கை தரையைப் பார்த்தாள்.

"உன் நாத்தனார் வேலைதானே?"

"அவங்களை எதுக்கு இழுக்கிற? அதை விடு அண்ணா."

"வீட்டுல சண்டை வேண்டாம்னு அவளுக்கு விட்டுக் கொடுக்கப் போறியா?"

"நான் எதுக்கு விட்டுக் கொடுக்கணும்? இன்னிக்குக் கோப்பை எனக்குத்தான். நீ காத்தை மட்டும் நல்லா கட்டியா அடி. கிளம்புறப்ப டயரை அமுக்கிப் பாப்பாங்க."

"பத்து நிமிஷத்துல தொங்கிடும்டி."

"பத்து நிமிஷம் போதும்."

யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், இன்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அண்ணன் ஆணி ஓட்டையைச் சுற்றி அரத்தால் தேய்த்தார். சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, பேட்ச்சை அழுத்தினார். வட்டம் போட்ட ஓட்டையை அப்படியே டயருக்குள் திணித்தார். அவர் காற்றடித்து முடித்ததும் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

மனசு கேட்கவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு, பம்ப்பைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனார். காவலாளி குறுக்கே நின்றார்.

"வெளியாளுங்க உள்ள போகக் கூடாதுங்க."

"என் தங்கச்சி வண்டியில காத்து இறங்கிட்டு இருக்கு. நாலு அடி அடிச்சுக் கொடுத்துட்டு வந்துடறேன்."

"போட்டி ஆரம்பிச்சாச்சு. வேணும்னா இங்கேயே நின்னு மைக்ல கேளுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி அலறியது. "கட்டிங் செக்‌ஷன் கோட்டைத் தாண்டிட்டாங்க. அடுத்து பேக்கிங் செக்‌ஷன். இதோ, மூணு பேர் சேர்ந்தாப்ல தாண்டுறாங்க."

தங்கை இருப்பது பட்டன் செக்‌ஷனில். அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"காலர் செக்‌ஷனும் தாண்டியாச்சு. பட்டன் செக்‌ஷன் மட்டும் இன்னும் பாதி வழியிலதான் இருக்காங்க."

காலர் செக்‌ஷன் நாத்தனாருடையது. அண்ணன் பம்ப்பைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். இருபது வருஷமாகச் சேர்த்த பெயர் ஓர் ஊசி ஓட்டை வழியாகப் போய்விட்டது. தங்கை சொன்னால் என்ன, தன் புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

உள்ளே ஒரே கைதட்டலும் விசிலுமாக இருந்தது. சிறிது நேரத்தில் கதவு திறந்தது. நாலைந்து பெண்கள் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கையில் கோப்பை. பின்னால் ஒருத்தி தள்ளி வந்த சைக்கிளில் பின் டயர் சப்பென்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. கூட்டத்தின் ஓரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாத்தனார் வந்தாள்.

அண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கடைசியா வந்தவளுக்கு எதுக்குங்க கோப்பை?"

"இது மெதுவா ஓட்டுற போட்டிங்க," என்றார் காவலாளி. "பிரேக் பிடிக்காம, கால் ஊணாம, யார் கடைசியா வர்றாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க."

தோளிலிருந்து இறங்கி வந்த தங்கை, கம்பெனிச் சட்டைக் காலரில் செருகியிருந்த தையல் ஊசியை உருவி அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள்.

"குத்தினது நான்தான் அண்ணா. அஞ்சு வருஷமா என்னைத் தோக்கடிச்சது நாத்தனார் இல்ல, நீ போட்ட எண்ணெய்."