செங்கமலத்தின் மன்னிப்பு

கேளுங்க கண்ணுகளா, இது இனிமேல் வரப்போகிற காலத்துக் கதை. அப்போது கோர்ட்டில் நீதிபதி கிடையாது, சுவரிலிருந்து ஒரு குரல்தான் பேசும். ஒருத்தருக்குச் சொன்ன தீர்ப்பு, அந்த நிமிஷமே அதே மாதிரி வழக்குகள் அத்தனைக்கும் தீர்ப்பாகிவிடும்.

செங்கமலத்தின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தார். காய்ச்சலோடு ஓட்டிவந்த மாடசாமி கண்ணயர்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி பேச்சி தினமும் வாசலில் வந்து அழுததில் செங்கமலத்துக்கு மனசு இளகிவிட்டது. இறந்தவர் வீட்டார் மன்னித்தால் விடுதலை என்று சட்டம் இருந்தது.

தீர்ப்பு நாளில் கோர்ட்டு வாசலில் ரெஜினா வழிமறித்தாள். அவள் மகனும் லாரியில் அடிபட்டுச் செத்தவன்தான்.

"யக்கா, நீங்க மன்னிச்சா என் பிள்ளையைக் கொன்னவனும் வெளிய வந்துருவான். அவன் குடிச்சிட்டுத் தூங்குனவன்க்கா."

"இவன் காய்ச்சல்லல்லா தூங்குனான்?"

"தூங்குனதை மட்டுந்தானக்கா அந்தக் குரல் பார்க்கும்!"

உள்ளே குரல் கேட்டது: "மன்னிக்கிறீர்களா?"

செங்கமலம் எதிரே நின்ற பேச்சியைப் பார்த்தாள். திரும்பி, வாசலில் நின்ற ரெஜினாவைப் பார்த்தாள்.

"இல்லை."

பேச்சி நின்ற இடத்திலேயே மயங்கிச் சரிந்தாள். செங்கமலம் ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "தாயி, கண்ணைத் தொற தாயி."

"ஒரு கேள்வி," என்றது குரல். "குற்றவாளியின் மனைவியை மடியில் தாங்குவது மன்னிப்புக்குச் சமம் என்று முன்பு ஒரு தீர்ப்பு உண்டு. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?"

செங்கமலம் பேச்சியின் தலையை மெதுவாகத் தரையில் இறக்கிவைத்தாள். எழுந்து தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.