கதிர் வீசும் கணவர்

“கிட்ட வந்தா, அப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை!”

அறைக்குள்ளிருந்து கிளம்பிய சத்தத்தில், அண்ணனைப் பார்க்க வந்த தங்கை செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணி அசரவில்லை. சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு, தரையில் சாக்பீஸால் கிழித்திருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

“என்ன அண்ணி, சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லைம்மா. உங்க அண்ணன் உடம்பிலேர்ந்து கதிர் வருது.”

விஷயம் இதுதான். அண்ணன் ஊழியர் பயிற்சி நிலையத்தில் தலைமைப் பயிற்றுநர். அயோடின் குறைந்தால் கழுத்து வீங்கும் என்று எங்கோ படித்தார். உப்பில் இருக்கும் அயோடின் ஊர் ஜனங்களுக்குப் போதும், தன் அளவு மூளைக்கு எப்படிப் போதும் என்று கடற்பாசி மாத்திரையையும் ஒரு வருஷம் விழுங்கினார். அயோடின் கூடினாலும் தைராய்டு தறிகெட்டு ஓடும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கை நடுங்கியது. எடை இறங்கியது. தூக்கம் போனது. எரிச்சலும் இந்த நோயின் அறிகுறிதான் என்றார் டாக்டர். ஆனால் அது கல்யாணத்தன்றே இருந்தது.

கடற்பாசியை நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தும் தைராய்டு அடங்கவில்லை. கடைசியில், கதிரியக்க அயோடின் கொடுத்து அதன் கொட்டத்தை ஒடுக்குவது என்று முடிவானது. அதற்கு முன் இரண்டு வாரம் பத்தியம்: அயோடின் சேர்க்காத உப்பு; மீன், முட்டை, பால் கூடாது. பசியோடு கிடக்கும் தைராய்டு, கொடுத்ததை லபக்கென்று விழுங்குமாம். விழுங்கிய பிறகு கொஞ்ச நாள் உடம்பிலிருந்து கதிர் கசியும், அதுவரை மற்றவர்களிடமிருந்து தள்ளியிருக்க வேண்டும்.

இந்த விதிமுறைகளையெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொண்டது அண்ணிதான். அண்ணன் அந்த நேரத்தில் வெளியே வரிசையில் இருந்த நோயாளிகளுக்கு உப்பைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு எத்தனாவது நாள் அண்ணி?”

“பன்னெண்டு.”

“தங்கச்சியா?” உள்ளேயிருந்து குரல் வந்தது. “கோட்டைத் தாண்டிடாதே. டேப் வெச்சு அளந்து நானே போட்டது. நான் இப்ப ஒரு சின்ன அணு உலை மாதிரி.”

“ஓய்வா படுண்ணா.”

“படுக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்கு நேரா நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தார். கதிர்வீச்சுன்னு ஒரு சத்தம் போட்டேன், பேப்பரைக்கூட எடுக்காம ஓடிட்டார்!”

இருபது வருஷமாக வகுப்பில் யாரையும் விழித்திருக்க வைக்க முடியாதவருக்கு, ஒரே சத்தத்தில் ஒருவர் ஓடினால் பெருமையாகத்தானே இருக்கும்?

கூடத்து மேஜையில் அண்ணியின் புத்தகங்கள் விரிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதவி உயர்வுத் தேர்வு. இது மூன்றாவது தடவை. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், ஓய்வுபெறும் வரை அதே நாற்காலிதான். முதல் இரண்டு தடவையும் வீட்டிலேயே பயிற்றுநர் இருக்கும் தைரியத்தில் அவரிடமே பாடம் கேட்டாள். இரண்டு தடவையும் தேர்வு வந்துவிட்டது, அவருடைய முன்னுரை முடியவில்லை.

“பாவம் அண்ணி நீங்க. பரீட்சை நேரத்தில இந்தக் கஷ்டமும் சேர்ந்துக்கிச்சே. தனித் தட்டு, தனித் துணி, மூணு வேளையும் இந்தக் கோட்டுக்கும் அடுப்புக்கும் நடை.”

“என்ன பண்றது. நம்ம தலையெழுத்து.” அண்ணி பக்கத்தைப் புரட்டினாள். விதி எண்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, காலித் தட்டை எடுக்க எழுந்து போனாள்.

மேஜையில் அவள் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி. அண்ணிக்கு ஒரு சிரமமாவது குறையட்டும் என்று தங்கை தானே எடுத்தாள்.

“ரத்தப் பரிசோதனைக்கு என்னிக்கு வரீங்கன்னு கேக்கலாம்னுதாம்மா” என்றாள் நர்ஸ்.

“அது இருக்கட்டும் சிஸ்டர். எங்க அண்ணனை எப்ப வெளிய விடுவீங்க? பன்னெண்டு நாளா மனுஷன் அறைக்குள்ளேயே கிடக்கிறார். அண்ணியால முடியலை.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

“பன்னெண்டு நாளா? எதுக்கும்மா? அவருக்குக் குடுத்த அளவுக்கு அஞ்சே நாள்தான். வீட்ல கைக்குழந்தைகூட இல்லை. அந்தம்மாகிட்டதானே சொன்னோம்? ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்களே!”

தங்கை மெல்ல நிமிர்ந்தாள். அண்ணி சாக்பீஸ் கோட்டருகே, கையில் தட்டோடு, காதில் பென்சிலோடு, சிலையாக நின்றிருந்தாள்.

“யாரு போன்ல? ஆஸ்பத்திரியா?” கட்டில் கிறீச்சிட்டது. “வெளிய வரலாம்னா உடனே சொல்லு! பரீட்சைக்கு இன்னும் மூணு நாள் முழுசா இருக்கு. இவளுக்கு முதல் பாடத்திலேர்ந்து நானே நடத்திடறேன்!”

தங்கை அந்தக் கதவைப் பார்த்தாள். மேஜையில் விரிந்து கிடந்த புத்தகங்களைப் பார்த்தாள். கைபேசியை அணைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தலையைக்கூட வெளிய நீட்டக் கூடாதாம், அண்ணா!”