பேனைக் கோடு

மில்ரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டோவின் முன் பிளாஸ்ரிக் கண்ணாடியில் வெடிப்பு நாளுக்கு ஓர் அரிசி நீளம் ஓடியது. தினமும் அதன் நுனியில் பேனையால் கோடு போட்டான். கண்ணாடி பிளந்தால் அடம்பன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேலை போய்விடும்.

போன திங்கள் மனைவி அனுஜா ஓட்டோவைப் பெரும் பள்ளத்தில் விழுத்தினாள். அன்றே சாவியைப் பறித்தான். ஆனால் எட்டு நாளாகியும் வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லை.

“கோட்டை நகர்த்தினனியோ?” என்று அவளைக் கேட்டான்.

“இல்லையப்பா. சின்னக் குலுக்கல்தான் வெடிப்பை ஓட வைக்கும். ஒரு பெரிய இடி நுனியை மழுக்கி, கொஞ்ச நாள் நிப்பாட்டும். இந்தியாவில அகதி முகாமில இருக்கேக்க பிளாஸ்ரிக் பட்டறையில பாத்தனான். அதுக்குள்ள புதுசு மாத்துங்கோ.”

“நல்ல காலம், பள்ளம் உன்ர கண்ணில படேல்லை.”

“படாமலோ? அளவான பள்ளமாய் மூண்டு நாள் தேடினனான். சாவியைத் தாங்கோ.”