சண்டைக்கூண்டின் சுவர்

ரோபோ சண்டைக்கூண்டின் கண்ணாடிச் சுவரை விரலால் தடவிக்கொண்டே வந்த பாதுகாப்பு அதிகாரி ஓரிடத்தில் நின்றார்.

"கீறல் இருக்கு. ஆட்டம் கிடையாது."

"மயிரிழைக் கீறலுக்கா? வெளியே கூட்டம் நெரியுது, சார்!" என்று பதறினார் புது அமைப்பாளர். "போன வருஷம் முன்வரிசையில ஒருத்தர் செத்ததை நினைச்சுப் பயப்படுறீங்க. அது ஒரு பொண்ணு தன் ரோபோவுல பிளேடைச் சரியா இறுக்காததால வந்த வினை. அப்புறம் அவ ரோபோவையே தொடலையாமே?"

"தொடல. ராத்திரி தூங்குறதும் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ என் பொண்ணு." அதிகாரியின் விரல் கீறல் மேலேயே நின்றது. "பிளேடு தெறிச்சாலும் சுவர் தாங்கியிருக்கணும். அன்னைக்கும் சுவர்ல கீறல் இருந்துச்சு. பாத்துட்டும் பரவாயில்லைன்னு கையெழுத்துப் போட்டவன் நான். அதை அவகிட்டச் சொல்ல இன்னும் வாய் வரல."