படம் எடுக்கும் பாறை

பதினோரு வருடமாகச் சவாரிக் குதிரை ரோஸியின் கயிற்றைப் பிடித்தபடி ஏரியைச் சுற்றி நடந்த செபஸ்தியான், அதன் முதுகில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பனிக்காற்றில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. பெருமாள்மலையில் மகளுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. "உங்க மக உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. பஸ் இல்லாட்டி என்ன, குதிரை இல்லையா?" என்று அங்கிருந்து மனைவி போனில் கத்தினாள். குளிரில் விறைத்துக் கிடந்த ரோஸியின் முதுகைச் சாக்கால் தேய்த்து, அவித்த கொள்ளைச் சூடாகக் கொடுத்துக் கிளம்பினான். ஏரி வளைவு வரை ஒழுங்காக நடந்த ரோஸி, சவாரிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் பாறையருகே நின்று, தலையை ஏரிப்பக்கம் அழகாகத் திருப்பிக்கொண்டது. மேலே இருப்பவர் படத்துக்குச் சிரித்து முடிக்கும்வரை அப்படியே நிற்க அவன் பழக்கியதுதான். "போலாம்டி" என்றான். அசையவில்லை. அவன் குரல் எப்போதும் கீழேயிருந்து, இடது காதோரம்தான் வரும். மேலேயிருந்து வருவதெல்லாம் அதற்கு யாரோ ஒரு சவாரிக்காரனின் குரல். குதிகாலால் இடித்தான். கெஞ்சினான். இறங்கிக் காதோரம் "போலாம்" என்றதும் உடனே நடந்தது, வந்த வழியே, கொட்டடியை நோக்கி. மல்லுக்கட்டிப் பாறையைத் தாண்டி இழுத்துப் போய் ஏறினான். ரோஸி திரும்பி வந்து அதே இடத்தில் நின்று, அதே மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டது. சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. செபஸ்தியான் கடிவாளத்தை விட்டான். முதுகை நிமிர்த்தி, ஒரு கையை உயர்த்தி, ஆளே இல்லாத பனிமூட்டத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான்.