வாசித்தவர் பேசக் கூடாது

அன்று நான் கை தூக்கினேனா என்பது சரியாக நினைவில்லை. தூக்கவில்லை என்றுதான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

அவள் தன் கதையை வாசித்து முடித்தாள்.

நாகர்கோவிலில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ஞாயிறு காலை. நாங்கள் ஐந்து பேர். அவள் அன்றுதான் முதல்முறை வந்திருந்தாள்.

கூட்டத்தை நடத்தியவர் ஜெபசிங் சார். அவர் வைத்த விதி ஒன்று உண்டு. கதை வாசித்தவர், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

அவள் திறக்கவில்லை.

கதை சின்னது. கணவன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறான். பதினோரு மாதமாகத் தகவல் இல்லை. வாசலில் அவன் செருப்பு. மனைவி தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள்.

முடிவு எழுதப்படவில்லை. கடைசித் தாளில் பாதி வெறுமையாக இருந்தது.

வங்கியில் வேலை பார்த்த வில்சன்தான் தொடங்கினார். "செருப்பு நல்ல குறியீடு. இடதுகால் மட்டும் தேஞ்சிருக்குன்னு வருது பாத்தியளா? அதுதான் அவங்க தாம்பத்தியம்."

சுபத்ரா டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒமக்கு எல்லாமே குறியீடுதான் வே. வீட்டுல வைக்கிற மீன்கறியிலயும் குறியீடு தேடுவீரு."

எல்லோரும் சிரித்தோம். அவளும் லேசாக.

ஜெபசிங் சார் சிரிக்கவில்லை.

"ஒருநாள் அவ தொடைக்காம விட்டுரணும். அவ்வளவுதான். அவன் செத்துட்டான்னு எழுதவே வேண்டாம், வாசகனுக்குத் தெரிஞ்சிரும். அவன் திரும்பி வந்தாம்னு வைங்க, ஒருத்தனும் நம்ப மாட்டான். கதை விழுந்துரும். என்ன சொல்லுதீங்க? சாவட்டும்னு சொல்லுதவங்க கையத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன.

அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாராவது ஒருவர் மறுக்க மாட்டாரா என்று தேடும் பார்வை. புதிதாக வந்தவளின் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனி நீங்க பேசலாம்மா."

"அது குறியீடு இல்ல சார். அவருக்க செருப்பு. கடலுக்குப் போம்போ செருப்பு போட மாட்டாவ."



வில்சன் தன் தாள்களை அடுக்கினார். பிறகு மறுபடியும் அடுக்கினார்.

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். அந்தப் பாதித் தாளில், எங்கள் முன்னாலேயே எழுதத் தொடங்கினாள். நான் இருந்த இடத்திலிருந்து எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. கழுத்தைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அந்தக் கதை பங்குனியில் ஒரு சிற்றிதழில் வந்தது. கணவன் இறந்துவிடுகிறான்.

அவளுடைய கணவர் ஆவணியில் ஊர் திரும்பினார். வேறொரு நாட்டில் சிறையில் இருந்தாராம்.

ஜெபசிங் சார் விதியை எடுத்துவிட்டார். வில்சன் மாற்றலாகித் தேனிக்குப் போனார். சுபத்ரா டீச்சர் இப்போது சிறுவர்களுக்கு மட்டும் எழுதுகிறார். நான் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி.

இரண்டு ஆண்டு கழித்து அவள் கதைகள் நூலாக வந்தன. அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினேன்.

முடிவை அவள் மாற்றவில்லை.