நூறு ஃபிலிம்

ஃபிலிமில் பாதி தீர்ந்த பிறகுதான் கேமராவின் தலையிலிருந்த சின்ன டயலைப் பார்த்தான். ஃபிலிம் வேகம் நானூறு என்று காட்டியது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நூறு.

கல்யாண மண்டபங்களில் படமெடுத்துப் பிழைப்பவன். வருஷக்கணக்காக நானூறைத் தவிர வேறு ஃபிலிம் தொட்டதில்லை. அந்த டயலைத் திருப்புகிற வேலையே வந்ததில்லை.

இன்றைக்கென்று கடையில் நின்று யோசித்து நூறு வாங்கி வந்தான். நானூறு மங்கல் வெளிச்சத்தைத் தாங்கும். பெரிதாக்கினால் மணல் மணலாகத் தெரியும். நூறில் மயிரிழைகூடத் துல்லியமாக விழும். துல்லியமில்லாத படத்தை நாளைக்கு நீட்டினால் எதிரில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இவ்வளவும் யோசித்தவன் டயலைத் திருப்ப மறந்தான். அது காட்டிய கணக்கை நம்பி, தேவையில் கால்வாசி வெளிச்சத்தைத்தான் உள்ளே விட்டிருக்கிறான்.

லேபில் சொல்லி ஓரளவு தேற்றலாம். ஆனால் கறுத்த இடமெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.

ஃப்ளாஷ் போடவும் வழியில்லை. தோல் பளீரென்று வெளுத்துப்போகும். ஜன்னல் வெளிச்சம்தான் கதி. வெயிலோ எதிர்வீட்டு மாடிக்கு ஏறிவிட்டது.

வெளிச்சம் பட்டுத் திரும்புவதற்காக வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்திருந்த மனைவி அவனையே பார்த்தாள்.

"ஊர்க் கல்யாணத்தையெல்லாம் அசராம எடுத்த ஆளு, இப்ப என்ன கேமராவையே பாத்துட்டு நிக்கிறீங்க?"

கேலி மாதிரிதான் கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

அவன் டயலைத் தூக்கித் திருப்பினான். வியர்வையில் விரல் வழுக்கியது. நூறு. இனி ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும். கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது, ஆடாது. நிற்கும் ஆள் மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும்.

"மறுபடியும் முதல்லேர்ந்து எடுக்கணும்மா" என்றான் தங்கையிடம், தரையைப் பார்த்து.

முடிந்துவிட்டதென்று நினைத்து அவள் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுபடியும் அவிழ்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி, சட்டையைத் தோளிலிருந்து முதுகுக்குக் கீழே இறக்கினாள்.

"எடுண்ணா. நீலமெல்லாம் மஞ்சளா மாறுறதுக்குள்ள எடுத்துடு. அவரு அடிச்ச ஒவ்வொரு தடமும் தெரியணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

அவன் சொல்வதற்கு முன்பே மூச்சை அடக்கி அசையாமல் நின்றாள். அது அவளுக்குப் பழகியிருந்தது.